சிவப்புப் புள்ளி வைத்த பேட்டரி

கணினியை இயக்கியதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்து நின்றன. தேதி சரியில்லை, நேரம் சரியில்லை, தொடர வேண்டுமானால் ஏதாவது ஒரு பொத்தானைத் தட்டு என்றன. கண்ணாடி அக்கா தட்டினாள். நேற்றும் தட்டினாள், முந்தாநாளும் தட்டினாள். தட்டிவிட்டு உள்ளே போனால், மூலையில் இருக்கும் கடிகாரம் அவள் கல்யாணமாகி வந்த வருஷத்தைக் காட்டிக்கொண்டு கூசாமல் நிற்கிறது.

கண்ணாடி அக்கா என்பது இணையம் அவளுக்கு வைத்த பெயர். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைச் சட்டத்தில் பொருத்துவது, காதில் மாட்டும் கம்பியைச் சூடுகாட்டி வளைப்பது, எறும்பு அளவுத் திருகைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பூட்டுவது. மாலையில் வீட்டு மேசையில் வலைப்பூ. ஆன் ஆகாத கணினி, ஆன் ஆகி அப்படியே உறைந்துபோகிற கணினி, பதிவில் ஏற மறுக்கும் படம், கட்டம் கட்டமாகத் தெரிகிற தமிழ் எழுத்து, இப்படி வீட்டில் வரும் சில்லறைத் தொல்லைகளுக்கெல்லாம் அங்கே கைவைத்தியம் கிடைக்கும். முதலில் ஒயரைப் பாருங்கள், பிறகு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று ஆரம்பிப்பாள். முடிப்பதற்குள் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்துவிடுவாள்.

சிரிக்க வைக்கச் சரக்கு வேண்டுமே? அது வீட்டிலிருந்துதான் வந்தது. கட்டிய கணவர் பஸ் டிரைவர். ஒருநாள் விசைப்பலகையில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதை அடுப்பின் பக்கத்தில் சாய்த்துவைத்துக் காயவைத்தார். பதிவு. கணினிக்குள் சுழலும் விசிறி சத்தம் போட்டால் என்ன செய்வது என்று எழுதவேண்டி வந்தது, அவருடைய குறட்டை உவமையாக வந்து உட்கார்ந்தது. அதுவும் பதிவு. பக்கத்துத் தெருவில் இருக்கும் நாத்தனார் ஒருநாள் வந்து, கணினியை எப்படி அணைப்பதென்று தெரியாமல் சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனாள். அந்தப் பதிவைத்தான் தெருவே போனுக்குப் போன் அனுப்பிச் சிரித்தது. தும்மினால்கூட எழுதிவிடுவாள் என்று வீட்டில் பேச்சு. அக்காவுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கடிகாரம் பின்னால் போனால் என்ன காரணம் என்று அவளுக்குத் தெரியாதா? கணினிக்குள் காசு அளவில் ஒரு காயின் பேட்டரி இருக்கும். கணினி அணைந்திருக்கும்போது தேதியை நினைவில் வைத்துக்கொள்வது அதுதான். அது செத்தால் தேதியும் செத்தது. ஆனால் அந்தப் பேட்டரியை அவளே சமீபத்தில்தான் மாற்றினாள். புதுசு வாங்கி, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கவ்வியைத் தள்ளி, பழையதை எடுத்துப் புதியதைப் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் எடுத்துப் பதிவும் போட்டாயிற்று. 'இது இல்லாவிட்டாலும் கணினி ஓடும், பயப்படாதீர்கள்' என்று தைரியமும் சொல்லியிருந்தாள். ஆகவே பேட்டரியாக இருக்கவே முடியாது. நான் போட்ட பேட்டரி எப்படிச் சாகும்? அந்தப் பக்கமே அவள் யோசிக்கவில்லை. கர்வம் பிடித்தவர்களுக்கு இதுதான் தொல்லை, தாங்கள் தொட்ட இடத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

தேதியைக் கையால் திருத்திவைத்து ஓட்டினாள். அடுத்த வாரம் இன்னொரு கூத்து. மெனக்கெட்டு எழுதி அனுப்பிய பதிவு வலைப்பூவில் காணோம். அனுப்பியாயிற்று என்கிறது கணினி, வலைப்பூவைத் திறந்தால் பழைய பதிவுதான் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறது. அழித்துவிட்டார்கள். யாரோ வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அழிக்கிறார்கள். அவளுக்குச் சட்டென்று மூக்கில் வேர்த்தது.

யார்? வீட்டுச் சாவி மூன்று பேரிடம் இருக்கிறது. அவளிடம், அவரிடம், அவசரத்துக்கு என்று நாத்தனாரிடம். நாத்தனாருக்குக் கோபம் இருக்கிறது, தெரு சிரித்த கோபம். அதை அக்கா கணக்கில் வைத்துக்கொண்டாள். ஆனால் அவர்?

அவர் போக்கும் கொஞ்ச நாளாகவே சரியில்லை. காலையில் எழுந்ததும் டூட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுகிறார். குளிக்கப் போகிறவருக்குப் பை எதற்கு? தொப்பை கரைந்திருக்கிறது. இடுப்பில் நிற்காத பேன்ட்டுகளைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்துத் தைத்து வாங்கியிருக்கிறார். சாயங்காலமானால் காற்று வாங்கப் போகிறேன் என்று கிளம்புகிறார். கூட வரட்டுமா என்றால், "உனக்கு எழுதற வேலை இருக்குமே" என்கிறார். இத்தனை வருஷத்தில் அவள் எழுத்தின் மேல் அவருக்கு இப்படியொரு கரிசனம் வந்ததே இல்லை. என்றைக்காவது படித்தீர்களா என்று கேட்டால், அதெல்லாம் நமக்கு எதுக்கு என்பவர். ஐம்பதை நெருங்குகிற ஆள் இளைத்து, பேன்ட்டைப் பிடித்து, சாயங்காலம் தனியாக நடந்தால் பெண்டாட்டி என்ன நினைப்பாள்? அக்காவும் அதைத்தான் நினைத்தாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். 'வீட்டுக்குள் ஒரு கை' என்று தலைப்பு வைத்துப் பதிவு போட்டாள். என் கணினியின் தேதியை யாரோ நோண்டுகிறார்கள், என் பதிவைத் தின்றுவிட்டார்கள், உறவிலே ஒருத்தி மேல் சந்தேகம், அதைவிடப் பக்கத்தில் இருக்கும் ஒருவர் மேலும் சந்தேகம், ஞாயிற்றுக்கிழமை திருடனின் பெயரோடு வருகிறேன் என்று முடித்தாள். வாசகர்கள் வெறும் வாயையே மெல்லுகிறவர்கள், அவல் கிடைத்தால் விடுவார்களா? பின்னூட்டம் குவிந்தது. அக்கா, அந்த நாத்தனாரை விடாதீங்க என்றார் ஒருவர். வீட்டுக்காரர் மேல ஒரு கண் இருக்கட்டும் என்றார் இன்னொருவர். காணாமல் போன பதிவைக் கண்டுபிடித்ததும் ஒரு வாசகர்தான். அது எங்கும் போகவில்லை, வலைப்பூவின் அடிமட்டத்தில், எல்லாப் பதிவுக்கும் கீழே கிடந்தது. அன்று அவள் திருத்த மறந்த பழைய தேதி அதில் ஒட்டிக்கொண்டு, பழங்காலத்துக்கே போய்விட்டிருந்தது. வலைப்பூ என்ற ஒன்று பிறப்பதற்கு முன்னாலேயே பதிவு போட்ட ஒரே ஆள் நீங்கதான் அக்கா என்று அவர் வாழ்த்தியிருந்தார்.

அழிக்கவில்லை, சரி. ஆனால் தேதியைப் பின்னால் தள்ளியது யார்? சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும். எழுந்து போகாது.

மறுநாள் காலையிலேயே நாத்தனார் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிய வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"உறவிலே ஒருத்தின்னா யாரு அண்ணி? எனக்கும் படிக்கத் தெரியும்."

"நான் பேர் போடலையே."

"பேர் வேற போடணுமா? போன தடவை சுவிட்சைத் தட்டினவள்னு எழுதினீங்க, கடைக்காரன்கூட இப்ப என்னைப் பாத்தா லைட்டை அணைக்கிற மாதிரி கையைக் காட்றான். இப்ப திருடி வேறயா?"

"கம்ப்யூட்டரை யாரோ தொடறாங்க. சாவி உன்கிட்டயும் இருக்கு. கேக்கறதுல என்ன தப்பு?"

"கேட்டீங்களா? ஊருக்குச் சொன்னீங்க. என்னைக் கேக்கலையே." நாத்தனார் மேசையில் இருந்த டம்ளரைக் காட்டினாள். "நான் இந்த வீட்டுல தொடற பொருள் ஒரு டம்ளர்தான், அதையும் கழுவி வெச்சுட்டுப் போறேன். உங்களுக்கு அவ்வளவு சந்தேகமா இருந்தா எங்க அண்ணன்கிட்ட..."

அத்தோடு நிறுத்திக்கொண்டாள். சொல்ல வந்ததை விழுங்கினாள். கண்கூடாகவே விழுங்கினாள், கழுத்து அசைந்தது.

"அண்ணன்கிட்ட என்ன?"

"ஒண்ணுமில்ல. சாவியைப் பிடிங்க." சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அக்காவுக்கு உறைத்தது சாவி அல்ல, அந்த விழுங்கல். தங்கைக்கு என்னவோ தெரிந்திருக்கிறது. அண்ணனும் தங்கையும் சேர்ந்துகொண்டு தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று முடிவு செய்தாள். கண்ணாடிக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. திருகு கழன்றுவிடாமல் இருக்க, பூட்டியபின் அதன் தலையில் நிறமில்லாத நகப்பூச்சை ஒரு சொட்டு வைப்பார்கள். காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. யாராவது திருகைத் திருப்பினால் பூச்சு விரிசல் விட்டுப் பொடியாகிவிடும். கணினிப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகளில் தலைக்கொரு சொட்டு வைத்தாள். இதைப் பற்றி மட்டும் பதிவில் மூச்சு விடவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கடையிலிருந்து வந்து குனிந்து பார்த்தாள். பூச்சு உடைந்திருந்தது. ஒரு திருகு கோணலாக ஏறியிருந்தது. நாத்தனாரின் சாவி மேசைமேல் வைத்த இடத்தில் அப்படியே கிடக்கிறது. அன்று அவருக்கு மதியத்துக்குமேல்தான் டூட்டி, காலை முழுக்க வீட்டில் அவர் ஒருவர்தான்.

நாத்தனாராக இருந்திருக்கலாம் என்று அந்த நேரத்தில் அவள் மனதார ஆசைப்பட்டாள். நாத்தனாரோடு சண்டை போட்டுவிட்டுக் குடும்பம் நடத்தலாம், எல்லாரும் நடத்துகிறார்கள்.

தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தாள். தூசி, ஒயர்கள், விசிறி, எல்லாம் இருக்கிற இடத்தில் இருந்தன. கடைசியாகத்தான், வேறு எதையும் பார்க்க மிச்சமில்லாமல், காயின் பேட்டரியைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் மாறியது. அதில் சிவப்புப் புள்ளி இல்லை.

தான் பொருத்தும் எந்தப் பொருளிலும் மார்க்கர் பேனாவால் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பது அவள் கைப்பழக்கம். கடையில் புதிய திருகு எது, பழைய திருகு எது என்று குழம்பாமல் இருக்க ஆரம்பித்தது, வீட்டு பல்புவரை வந்துவிட்டது. அவள் போட்ட பேட்டரியில் புள்ளி இருந்தது, பதிவில் உள்ள படத்திலும் இருக்கிறது. இது வேறு பேட்டரி. அவளுடையதைக் கழற்றிக்கொண்டு, செத்த ஒன்றை இங்கே புதைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் என்னுடையது எங்கே?

அந்த அளவுப் பேட்டரி போடும் சாமான்களை எல்லாம் கவிழ்த்துப் பார்த்தாள். எடை பார்க்கும் மெஷின், சமையலறைத் தராசு, ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியின் ரிமோட். எதிலும் சிவப்பில்லை. மிஞ்சியது டூட்டிப் பை. இந்நேரம் அது வண்டியில் இருக்கும். மறுநாள் அவருக்கு விடுமுறை, காலையில் முடிவெட்டக் கிளம்பினார், பை கதவுக்குப் பின்னால் தொங்கியது. அவள் அந்தப் பையை இதுவரை திறந்ததில்லை. திறக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இன்றைக்கு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்ன இருக்கும்? இன்னொரு போனா? யாருக்கோ வாங்கிய பரிசா?

தண்ணீர் பாட்டில், துண்டு, சீப்பு. அடியில் ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டி. அவள் கடைப் பெட்டிதான், வெயிலுக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடியோடு அவளே கொண்டுவந்து கொடுத்தது. கறுப்புக் கண்ணாடி இப்போது அவர் மூக்கின்மேல் முடிவெட்டப் போயிருக்கிறது. பெட்டி கனத்தது. திறந்தாள். உள்ளங்கை அளவில் ஒரு சின்ன மெஷின், ஊசிமுனைகள், மெல்லிய பட்டைகள் அடைத்த ஒரு டப்பா. கண்ணாடிக் கடை முதலாளி காலையில் விரலைக் குத்திப் பார்ப்பதைத் தினமும் பார்க்கிறவளுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. சர்க்கரை பார்க்கிற மெஷின். பின்பக்க மூடியை நகத்தால் நெம்பினாள். காயின் பேட்டரி. அதில் சிவப்புப் புள்ளி.

கை தன் பாட்டுக்குப் போனை எடுத்தது. ஒரு படம் எடுத்தது. வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னல் பக்கம் திருப்பி இன்னொன்றும் எடுத்தது.

அவர் கழுத்தில் முடித்துணுக்கோடு உள்ளே வந்தபோது, மெஷின் மேசைமேல் இருந்தது. பார்த்தார். மெஷினைப் பார்த்துவிட்டு, அவள் கையில் இருந்த போனைப் பார்த்தார்.

"போட்டோ எடுத்தியா?"

இதுதான் முதல் கேள்வி. அவள் என்னென்னவோ சாக்குகளை எதிர்பார்த்திருந்தாள், இதை எதிர்பார்க்கவில்லை.

"எப்பலேர்ந்துங்க?" என்றாள்.

"டிப்போல எல்லாருக்கும் செக்கப் வெச்சாங்களே, அதுலேர்ந்து." நாற்காலியில் உட்கார்ந்தார். "மாத்திரை குடுத்தாரு. நட, வாயைக் கட்டு, தினம் காலைல பாத்துட்டு வந்து சொல்லு, கட்டுக்குள்ள இருந்தா வண்டி உன் கையிலதான்னாரு டாக்டர். இருக்கு. பயப்படற மாதிரி இல்ல."

"அப்ப டாக்டருக்குத் தெரியும்."

"தெரியாம?"

"மேனேஜருக்கு?"

"அவர்கிட்ட மறைச்சுட்டு வண்டி எடுக்க முடியுமா? அத்தனை பேர் உசுரு பின்னாடி உக்காந்திருக்கு."

"உங்க தங்கச்சிக்கு?"

அவர் தரையைப் பார்த்தார். "சாயங்காலம் அவகூடத்தான் நடக்கறேன்."

அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியும். கட்டின பொண்டாட்டிக்கு மட்டும் தெரியக்கூடாது. அதுக்கு என் பேட்டரியையே திருடிப் போட்டுக்கிட்டீங்க."

"திருடலாம்னு எடுக்கல. காலைல மெஷின் ஆன் ஆகல, கடை திறந்திருக்காது, வெறும் வயித்துல பாத்தாகணும். நீதான் எழுதியிருந்தியே, இது இல்லேன்னாலும் கம்ப்யூட்டர் ஓடும்னு. உன் படத்தைப் பாத்துத்தான் ஒவ்வொண்ணா கழட்டினேன். அப்புறம் நீ தேதி தேதின்னு பொலம்பறதைப் படிச்சுட்டு, புதுசு வாங்கிட்டு வந்து மாத்தலாம்னு பாத்தேன். மெலிசா இருக்கறதை வாங்கிட்டேன் போல, உள்ள நிக்கல. மெஷினோட செத்த பழசையே திரும்ப மாட்டி மூடிட்டேன்."

"நீங்க என் பதிவெல்லாம் படிக்கறதில்லைன்னு சொன்னீங்க."

"ஒண்ணு விடாம படிக்கறேன். நான் எதுல எப்படி வரேன்னு பாக்க வேணாமா?"

சிரிப்பாரோ என்று பார்த்தாள். சிரிக்கவில்லை.

"கீபோர்டைக் காயவெச்சதை எழுதின, சரின்னு சிரிச்சேன். கொறட்டையை எழுதின, கண்டக்டர் ஒரு மாசம் ஸ்டாப்புக்கு ஸ்டாப் கொறட்டை விட்டுக் காட்டினான், அதுக்கும் சிரிச்சேன். இதை எழுதினா என்ன ஆகும்? வண்டியில ஏறுறவங்க என் மூஞ்சியப் பாப்பாங்க. இவன் மயங்கி விழுந்துருவானோன்னு பாப்பாங்க. அந்தப் பார்வையோட என்னால ஓட்ட முடியாது. உன்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரிதானே?"

"இதைப் போய் எழுதுவேன்னா நினைச்சீங்க?"

"ஏன், எழுத மாட்டியா?"

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். பையைத் திறந்து, பெட்டியைத் திறந்து, புள்ளியைப் பார்த்துவிட்டு அவர் வருவதற்காகக் காத்திருந்த அந்த இடைவெளியில், பதிவின் தலைப்பு மனதில் தயாராகியிருந்தது. முதல் வரிகூட வந்துவிட்டிருந்தது. நல்ல வரி, படிப்பவர்கள் சிரித்துவிட்டு அழுவார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவர் அதையும் பார்த்தார்.

இத்தனை நாளாக வீட்டுக்குள் யாரை நம்புவது என்று அவள் தவித்துக்கொண்டிருந்தாள். அதே தவிப்பு அவருக்கு அதற்கும் முன்னாலிருந்தே இருந்திருக்கிறது. அவருடைய சந்தேகத்தில் பிழை ஒன்றும் இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

படங்களை அவர் கண்முன்னாலேயே அழித்தாள். நம்பினாரா என்று தெரியவில்லை. அழித்தாலும் குப்பைத்தொட்டியிலிருந்து மீட்கலாம் என்று அவள்தான் முன்பு விலாவாரியாக எழுதியிருக்கிறாள். அவர்தான் ஒன்று விடாமல் படிப்பவராயிற்றே. தொட்டியையும் திறந்து காலி செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. திருடன் யார், திருடன் யார் என்று காலையிலிருந்தே வாசகர்கள் கதவைத் தட்டினார்கள். சரியான தடிமனில் காயின் பேட்டரிகள் வாங்கிவந்து ஒன்றைக் கணினியில் போட்டிருந்தாள். கறுப்புத் திரை வரவில்லை, இன்றைய தேதியோடு கணினி சமர்த்தாகத் திறந்தது. உட்கார்ந்து எழுதினாள். 'திருடன் யாரும் இல்லை. நான் மாற்றிய பேட்டரி மட்டமானது, சீக்கிரம் செத்துவிட்டது. என் வேலையில் பிழை இருக்காது என்று நினைத்துக்கொண்டு வீட்டில் உள்ளவர்கள் மேல் பழி போட்டேன். என் நாத்தனாரிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் கணினியின் தேதி பின்னால் போனால், முதலில் நீங்கள் கடைசியாகத் தொட்ட இடத்தைப் பாருங்கள்.'

அவ்வளவுதான். அவள் எழுதியதிலேயே சப்பென்ற பதிவு. வலைப்பூவில் அவள் எழுதிய முதல் பொய்யும் அதில்தான் இருந்தது, நல்ல பேட்டரியை மட்டம் என்று சொன்னது. மலையைக் கல்லி எலியைப் பிடித்த மாதிரி இருக்கிறதே அக்கா என்று ஒருவர் கேலி செய்தார். இவ்வளவுதானா என்று பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு எல்லாருக்கும் நன்றி சொன்னாள். நாத்தனார் வந்து, சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

அவர் படித்திருப்பார். மறுநாள் காலையில் பையோடு குளியலறைக்குப் போனார், தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அதற்கு மறுநாளும் கேட்டது. அவள் அடுப்படியில் நின்றுகொண்டு, கேட்காத மாதிரி பாத்திரத்தைத் தேய்த்தாள். எழுத எதுவும் ஓடவில்லை. பிரிண்டரில் தாள் சிக்கினால் என்ன செய்வது என்று எழுதினாள், அதில் வீட்டார் யாரும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. படிப்பவர்களில் சிலர் கழன்றுகொண்டார்கள். போகட்டும் என்று இருந்தாள்.

பிறகு ஒரு காலையில் அவர் கண்ணாடிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்கே வந்தார். மேசையில் மெஷினை வைத்தார், பட்டையைச் செருகினார், ஊசிமுனையை எடுத்துவைத்தார். பிறகு கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, பாக்கலையா?"

"போனைக் கொண்டுபோய் அந்தப் பக்கம் வெச்சுட்டு வா."

அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த போனை எடுத்துக்கொண்டு போய்ப் படுக்கையறையில் கவிழ்த்துவைத்துவிட்டு வந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவர் ஒருமுறை அவள் இரண்டு கைகளையும் பார்த்தார். அதற்கப்புறம்தான் விரலை நீட்டினார்.